கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு திரை

பெரியக்கா சர்ச்சில் தூங்குவாள். அரைக்கண் தூக்கமெல்லாம் இல்லை. வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து நழுவி விழுகிற அசல் தூக்கம். பிரசங்கத்துக்காகப் போதகர் தொண்டையைக் கனைத்தால் போதும், அதுதான் அவளுக்குத் தாலாட்டு. பின்வரிசையில் இருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பெரியக்கா பரலோகம் போயிட்டாங்க, ஆமென் சொல்றப்ப திரும்பி வந்துடுவாங்க" என்று கேலி வேறு.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். வாரம் பூராவும் காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. பெரியக்கா வேலை பார்த்தது ஒரு பெரிய ஜவுளிக்கடையில். மேல் மாடியில் ஜன்னல் திரைகளும் படுக்கை விரிப்புகளும் விற்கிற பிரிவு. அங்கே வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த சோபா உண்டு. விற்கிறவர்களுக்கு ஒரு முக்காலி கிடையாது. உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு வாங்குகிற ஆசையே போய்விடுமாம். எந்த மகான் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. அவர் காலில் ஒரு நாளாவது நரம்பு சுருண்டிருந்தால் வேறு மாதிரி கண்டுபிடித்திருப்பார்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. இளவயதில் அந்தக் கடைக்குள் போனவள், அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முட்டி தேய்ந்து வீட்டுக்குப் போனதும், தானாகவே பெரியக்கா ஆகிவிட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அப்புறம் யாரும் மிச்சமில்லை. வீட்டுக்குப் போனதும் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொள்வாள். கணுக்காலில் இருக்கிற கனம் மெல்ல இறங்கும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டாள்.

அவள் பிறவிக் கிறிஸ்தவள் இல்லை. உண்மையைச் சொன்னால், முதல்முதலில் சர்ச்சுக்குள் போனதே உட்காரத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வரவில்லை, நிழல் இல்லை, கால் கடுத்தது. எதிரே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் பெஞ்சு. அவ்வளவுதான், போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். களைத்துப்போனவர்களையும் சுமை தூக்குகிறவர்களையும் ஒருத்தர் தம்மிடம் கூப்பிடுகிறார் என்று போதகர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போனால் இளைப்பாறலாமாம். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் வந்து உட்கார் என்று சொன்னது கிடையாது. அந்த நினைப்போடு தூங்கிப்போனாள்.

விழித்தபோது சர்ச் காலி. எல்லா மின்விசிறியும் நின்றிருந்தது, அவள் தலைக்கு மேலே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போதகர் கதவோரமாகப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, அசந்துட்டேன்."

"இருக்கட்டும்மா. எழுப்ப வந்தாங்க. தூங்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

பெரியக்கா அழுதுவிட்டாள். வெட்கம் பாதி, வேறென்னவோ பாதி. அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்ததும் வந்தாள், கொஞ்ச காலத்தில் ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். கடவுள் தன்னிடம் பேசிய முதல் வார்த்தை 'தூங்கட்டும்' என்பதுதான் என்று யாராவது கேட்டால் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் கேலி பண்ணத் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லும்போதே வயிறு எரிகிறது. அந்தப் பெஞ்சுகளைச் செய்து போட்டது யார் தெரியுமா? ஜவுளிக்கடை முதலாளி. காலமான தன் தாயார் ஞாபகமாக அத்தனை பெஞ்சும் நல்ல மரத்தில் இழைத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார். ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் இருப்பார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஜெபம் பண்ணும்போது கண் கலங்குகிறவர். வெளியே வந்தால் பெரியக்காவைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்பார். "சௌக்கியம் முதலாளி" என்பாள் அவள். சர்ச்சில் போட்ட பெஞ்சையும் கடையில் இல்லாத முக்காலியையும் சேர்த்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, போதகருக்கும் தோன்றவில்லை.

குருவி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மாடி கலகலவென்று ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் மூடாத பெண், அதனால் வந்த பெயர். திரைத் துணியை உதறி விரித்துக்கொண்டே, "இது உங்க ஜன்னலுக்குன்னே பொறந்த துணி மேடம்" என்பாள். மேடமும் மயங்கி வாங்கிக்கொண்டு போவாள். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவள், தெருவில் எல்லோருக்கும் தையல்காரம்மா. பெரியக்கா அம்மாவையும் மகளையும் சர்ச்சுக்குக் கூட்டிப் போனாள். அப்புறம் மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு. பெரியக்கா தூங்கிச் சாய்ந்தால் குருவி தோளைக் கொடுப்பாள். புத்தகம் விழாமல் தையல்காரம்மா பிடித்துக்கொள்வாள்.

கடையில் பெண்களுக்கென்று ஒரு தந்திரம் இருந்தது. யாருக்காவது ரொம்ப முடியவில்லை என்றால் கவுன்ட்டருக்குப் பின்னால் தரையில் சரிந்து உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிறவள் உடனே ஒரு பெரிய துணியை எடுத்து உதறி, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற சாக்கில் கவுன்ட்டர் ஓரத்து இடைவெளியில் தொங்கவிடுவாள். அதற்குப் பெயர் திரை போடுவது. கேட்டால், குடோனுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். கீழே இருக்கிறவளைக் குனிந்து பார்க்கவோ கூப்பிடவோ கூடாது, காட்டிக்கொடுத்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்துவிட்டு, விழுந்த ஊசியைத் தேடினவள் மாதிரி எழுந்துவிடுவாள். மேற்பார்வையாளரின் ஷூ கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் என்பதால் அவருக்குக் கீச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டதும் துணி விழும். இதெல்லாம் பெரியக்கா உண்டாக்கிய முறை. உட்கார்வது குற்றம் என்று ஆன பிறகு அதற்கு ஒரு காவல் வேண்டாமா?

குருவி கொஞ்ச நாளாக, "அக்கா, நெஞ்சு படபடங்குது, மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நின்னு நின்னு வர்றதுடி. எனக்கும் இருந்துச்சு. நடுவுல உட்காரு, நான் பார்த்துக்கறேன்."

அது தள்ளுபடி வாரம். மாடியில் நிற்க இடமில்லை. ஆளுக்கு ஆள் துணியை இழுக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, கீச்சு கண்கொத்திப் பாம்பாகச் சுற்றுகிறார். பெரியக்கா ஒரு அம்மாளுக்கு நீலத் துணியை அளந்துகொண்டிருந்தபோது, ஓரக்கண்ணில் குருவி சரிந்து கீழே போவது தெரிந்தது. யோசிக்கவே இல்லை. பழக்கம் கையில் இருந்தது. கையிலிருந்த நீலத்தை அப்படியே உதறித் தொங்கவிட்டாள்.

கீச்சு வந்தார். "எங்க அந்தப் பொண்ணு?"

"குடோனுக்குப் போயிருக்கா சார். பச்சைத் துணி தீர்ந்துடுச்சு."

அவர் போய்விட்டார். பெரியக்காவுக்கு உள்ளூரச் சிரிப்பு. கால் நீட்டியபோது குருவியின் தோள் தட்டுப்பட்டது. அசைவில்லை. பாவம், தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தாள். குனிந்தால் தெரிந்துவிடும் என்பதால், மடித்து வைத்திருந்த ஒரு விரிப்பைக் காலாலேயே மெல்லத் தள்ளித் தலைக்கு அண்டக் கொடுத்தாள். வழக்கமான நேரம் தாண்டியது. பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி கண்ணால் கேட்டாள். தூங்கட்டும் என்று பெரியக்கா உதட்டை அசைத்தாள். அன்றைக்கு அவள் அந்தப் பெண்ணுக்காக எத்தனை பொய் சொன்னாள், எத்தனை துணி மாற்றித் தொங்கவிட்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அவ்வளவு பாசமாக அவள் யாரையும் காத்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு திரையை விலக்கி, "ஏய் குருவி, போதும்டி, எழுந்திரு" என்று கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். பெரியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நிறுத்தினால் மட்டும் காதில் விழாமல் போய்விடுமா?

திடீரென்று மயங்கி விழுந்தாள், உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று கடையில் சொன்னார்கள். தையல்காரம்மா அப்படியே நம்பினாள். முதலாளி சவப்பெட்டியிலிருந்து வண்டிவரை எல்லா ஏற்பாட்டையும் தானே பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீச்சு பெரியக்காவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "நீங்க மறைச்சது வெளிய வந்தா உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. வாயத் திறக்காதீங்க" என்றார். அடக்கத்தில் போதகர், நம் மகள் இளைப்பாறுதலுக்குள் போய்விட்டாள் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெரியக்கா மட்டும் ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் சர்ச்சில் உட்காரவில்லை. வருவாள், கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாக ஆராதனை முடியும்வரை நிற்பாள். தூக்கமும் போயிற்று. தையல்காரம்மா பெஞ்சில் கையால் தட்டி, "இங்க வா. நீயும் இல்லன்னா நான் யார் பக்கத்துல உட்காருவேன்?" என்று கூப்பிட்டாள். அந்தக் கூப்பிடுதலைக் கேட்டுவிட்டு நிற்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்? நின்றாள்.

பல நாள் பொறுத்துவிட்டு ஒரு நாள் போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் என்ன செய்யணும் பெரியக்கா?"

"முதலாளிகிட்ட சொல்லுங்கய்யா. ஆளுக்கு ஒரு ஸ்டூல். வேற ஒண்ணும் வேண்டாம். ஸ்டூல் இருந்திருந்தா நான் ஏன் திரை போடப்போறேன்? அவ விழுந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்ல."

போதகரின் கண் அவரையறியாமல் பித்தளைத் தகட்டுக்குப் போயிற்று. "பார்த்துப் பேசலாம்" என்றார். பார்த்துப் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவள் நேற்றுப் பிறந்தவள் இல்லை. நல்ல மனுஷர்தான், பயந்துவிட்டார்.

அந்த சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்ததைச் சொல்ல நினைக்கிறவர்கள் எழுந்து நின்று சொல்லலாம். பெரியக்கா எழ வேண்டியதில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேலை போகும். அது போனால் போகட்டும். ஆனால் உலகத்தில் அவளுக்கென்று பெஞ்சைத் தட்டிக் கூப்பிட இருந்தது ஒரே ஒரு கை. சொல்லாமல் இருந்தால் அந்தக் கை மிஞ்சும். சொல்லாமல் இருந்தால் நாளைக்கு இன்னொருத்தி சரிவாள், இன்னொருத்தி திரை போடுவாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "குருவி விழுந்தப்ப யாரும் தூக்கிட்டு ஓடல. அவ உட்கார்ந்துட்டான்னு நினைச்சு நான் துணியப் போட்டு மறைச்சேன். எங்க கடையில உட்காரக் கூடாது. அதனால நாங்க ஒருத்தர ஒருத்தர் மறைப்போம். எனக்கு இந்தப் பெஞ்சுல என்ன கிடைச்சுதோ, அத அவளுக்கு அங்க குடுக்கணும்னு நினைச்சேன். தூங்கட்டும்னு விட்டுட்டேன். அவ தூங்கல."

தையல்காரம்மா திரும்பவே இல்லை. முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பார்த்தபடியே கேட்டாள். "எவ்வளவு நேரம்?"

"தெரியலக்கா. கூட்டம் கலையற வரைக்கும்."

"நீ அவ பக்கத்துலயேவா நின்ன?"

"ஆமாக்கா. என் கால் அவ தோள்ல பட்டுச்சு."

தையல்காரம்மா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, பெரியக்காவைத் தாண்டி, அவள் பக்கம் பார்க்காமல் வெளியே போனாள். பெரியக்கா முதல் வரிசையைப் பார்த்தாள். "முதலாளி, உங்க அம்மா பேர் போட்ட பெஞ்சுலதான் நான் இத்தன வருஷமா தூங்கினேன். அவங்களுக்குப் புண்ணியமா எங்களுக்கு ஒரு ஸ்டூல் குடுங்க." முதலாளி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு போதகர் பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு நின்றார். பிரசங்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "இந்த அக்கா இங்க தூங்கறத இவ்வளவு காலம் பார்த்துட்டிருந்தேன். தூங்கட்டும்னு சொல்லிட்டு, நல்லது செஞ்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். ஏன் இவ்வளவு களைப்புன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கர்த்தர் என்னைக் கேட்பார்." முதல் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அது சில வாரங்கள் காலியாகவே இருந்தது.

சர்ச்சுப் பெண்கள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஜவுளிக்கடைக்கு ஒவ்வொருத்தியாகப் போக ஆரம்பித்தார்கள். போதகரின் மனைவிதான் முதல் ஆள். சோபாவில் உட்காராமல் கவுன்ட்டர் முன்னால் நின்று, "நீ உட்காரும்மா, அப்புறம் துணி பார்க்கறேன்" என்றாள். உட்கார எதுவும் இல்லையே என்று அந்தப் பெண் விழித்தாள். "அப்ப கொண்டு வரட்டும், நான் நிக்கிறேன்." மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து அதையே சொன்னாள். அதற்கு அடுத்து பள்ளிக்கூட டீச்சர்கள் கூட்டமாக வந்தார்கள். வாங்கவும் மாட்டார்கள், போகவும் மாட்டார்கள். வாடிக்கையாளரை வெளியே போ என்று சொல்ல முடியுமா? கீச்சு திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி நின்றார். பெரியக்காவை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை, அனுப்பினால் ஊர்வாயை மூட முடியாது.

ஒரு காலைப்பொழுது வண்டியில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. முதுகு சாய இடமில்லாத வட்ட ஸ்டூல்கள்தான். கீச்சு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து மாடியில் போட்டார். கடைசி ஸ்டூலை இறக்கியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கால் விரல்களை நீவிக்கொண்டார். அவரும் அத்தனை வருஷம் நின்றவர்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியக்கா மட்டும் நின்றாள். குருவி இருந்த இடத்திலும் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள், அதைத் தினமும் துடைப்பாள், உட்கார மாட்டாள். சர்ச்சிலும் அப்படித்தான். அந்தப் பெஞ்சில் தையல்காரம்மா தனியாக உட்கார்ந்திருப்பாள், இவள் சுவரோரம் நிற்பாள். எதிரே வந்தால் தையல்காரம்மா தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

ஆள் வராத ஒரு மத்தியானம், தையல்காரம்மா கடை மாடியேறி வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பெரியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எந்த இடம்?"

பெரியக்கா கையைக் காட்டினாள். தையல்காரம்மா கவுன்ட்டரைச் சுற்றி உள்ளே வந்தாள். ஸ்டூலை ஒரு பக்கமாக நகர்த்தினாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அப்புறம் படுத்தாள், முழங்காலை மடக்கிக்கொண்டு.

"அந்தத் துணியப் போடு."

"அக்கா, வேண்டாம்க்கா."

"போடு. அதே துணி."

நீலத் துணி இருந்தது. பெரியக்கா அதை எடுத்து உதறினாள், சரியாக விரியவில்லை. மறுபடி உதறித் தொங்கவிட்டாள். தையல்காரம்மா மறைந்துபோனாள். மாடியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார்கள்.

அப்புறம் துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெளிச்சம் வருது."

"ஆமாக்கா. மெல்லிசுத் துணி."

"இருட்டா இருந்திருக்குமோன்னு நினைச்சேன். தினம் ராத்திரி அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருட்டுன்னா பயம். தலைக்குக் கீழ என்னமோ இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"நான்தான் வச்சேன்க்கா. காலால தள்ளி வச்சேன். குனியல."

பெரியக்கா காத்திருந்தாள். பதில் வரவில்லை. அவளால் முடியவில்லை. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மடக்கி, துணி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். குருவி போன பிறகு அவள் கடையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

நீலத் துணி லேசாக ஆடியது. பெரியக்கா அதன் மேல் கையை வைத்தாள். மறுபக்கத்திலிருந்து ஒரு கை வந்து ஒட்டியது, தையல் ஊசி குத்திக் காய்த்துப்போன கை. வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அக்கா?"

"இருக்கேன்டி."

"பேசிட்டே இருங்கக்கா."

"இருக்கேன். இருக்கேன்."